வகுப்பறையில் எந்தப் பாட்டு?

பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போடலாமா?

போடலாம். போட வேண்டும். அதில் நமக்குச் சந்தேகம் இல்லை.

எந்தப் பாட்டைப் போடுவது? அங்கேதான் சங்கடம்!

முன்பு இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கி ஏது? ஆண்டு விழாவுக்கு மட்டும் வாடகைக்கு வரும். அல்லது ஒரு ரேடியோப் பெட்டி இருக்கும். வானொலி பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று நிகழ்ச்சி நடத்தும்போது, வாத்தியார் அதைத் திருகி வைப்பார். வந்ததைக் கேட்டார்கள்.

இப்போது அப்படி இல்லை. ஆசிரியர் சட்டைப் பையில் கைபேசி இருக்கிறது. உள்ளங்கை அளவு ஒலிபெருக்கி இருக்கிறது. உலகத்தில் உள்ள பாட்டு எல்லாம் விரல் நுனியில் நிற்கிறது. எதைத் தொடுவது என்பதுதான் ஆசிரியரின் கவலை.

"இது ஒரு பெரிய விஷயமா?" என்று சிலர் கேட்கலாம்.

பெரிய விஷயந்தான். வீட்டில் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். நேற்று வைத்த குழம்பு மறந்திருக்கும். ஒன்றாம் வகுப்பில் கற்ற பாட்டு மறந்திருக்காது. ஆறு வயதில் காதில் விழுந்தது அறுபதிலும் நிற்கும்.

கடற்கரைப் பிள்ளைகள்

ராமநாதபுரத்தில் இருந்து மண்டபம் போகும் சாலையில் உச்சிப்புளி இருக்கிறது. அங்கே இருந்து தெற்கே போனால் புதுமடம். எதிரே மன்னார் வளைகுடா.

அந்த ஊர்ப் பிள்ளையின் காதை எண்ணிப் பாருங்கள். பிறந்தது முதல் அலை ஓசை. விடியற்காலையில் பள்ளிவாசலில் பாங்கு. பிறகு படகு எந்திரத்தின் சத்தம். கலியாண வீடு என்றால் ஒலிபெருக்கி. ஊரில் யாராவது வெளிநாட்டில் இருந்து வந்தால், புதிய பெட்டியில் புதிய பாட்டு. பழைய நாளில் இலங்கை வானொலி வேறு. ராமேசுவரம் கரைக்கு இலங்கை கூப்பிடு தூரந்தான். அதனால் அந்தக் கரையில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்டது.

இவ்வளவும் கேட்டுவிட்டுத்தான் பிள்ளை வகுப்புக்கு வருகிறது.

சில பிள்ளைகள் தூக்கம் கெட்டு வருவார்கள். அப்பாவுக்கு வலையில் கை கொடுத்துவிட்டு வந்த பையன் இருப்பான். தம்பிக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்த பெண் இருப்பாள். கடலுக்குப் போன அப்பா இன்னும் கரை திரும்பவில்லையே என்ற பயத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் இருக்கும். காற்று மாறினால் கடற்கரை வீட்டில் யாரும் சிரிப்பது இல்லை.

இந்தப் பிள்ளைகளின் முதுகை நிமிர்த்த வேண்டும். சோர்ந்த கண்ணைத் திறக்க வேண்டும். அதைச் செய்கிற பாட்டுத்தான் ஊக்கம் தரும் பாட்டு.

நீதி சொல்லும் பாட்டு எல்லாம் ஊக்கம் தரும் என்று எண்ணிவிடக் கூடாது. "பொய் சொல்லாதே, சண்டை போடாதே, பல் விளக்கு" என்று வரிக்கு வரி அதட்டும் பாட்டுகள் உண்டு. பிள்ளைகள் அதைக் கேட்டுக் கொட்டாவி விடுவார்கள். அவர்கள் மேல் குற்றம் இல்லை!

மொசார்ட் கதை

பாட்டுக் கேட்டால் பிள்ளைக்கு மூளை வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. இது எங்கே இருந்து வந்தது?

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1993-ஆம் ஆண்டு ஒரு சோதனை நடந்தது. 36 கல்லூரி மாணவர்களைப் பிடித்தார்கள். மொசார்ட் என்ற ஐரோப்பிய இசை மேதையின் பியானோ இசையை 10 நிமிடம் கேட்கச் செய்தார்கள். பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் என்ன வடிவம் வரும் என்பது போன்ற கணக்குக் கொடுத்தார்கள். இசை கேட்டவர்கள் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு நேரம் நின்றது? பத்துப் பதினைந்து நிமிடம்!

அவ்வளவுதான் செய்தி. ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "மொசார்ட் கேட்டால் குழந்தை மேதை ஆகும்" என்று கிளம்பிவிட்டார்கள். 1998-இல் ஜார்ஜியா மாநில கவர்னர், தம் மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இசைத்தட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். அதற்கு 1 லட்சத்து 5 ஆயிரம் டாலர் கேட்டார்!

பிறகு மற்ற அறிஞர்கள் சோதித்தார்கள். குட்டு வெளிப்பட்டது. இசையால் நிரந்தரமாக அறிவு ஏறுவதாகத் தெரியவில்லை. பிடித்த இசையைக் கேட்டால் மனம் கலகலப்பாகிறது. கலகலப்பான மனம் கொஞ்ச நேரம் நன்றாக வேலை செய்கிறது.

இங்கிலாந்தில் 1996-இல் ஏறத்தாழ 8 ஆயிரம் பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். வயது பத்து, பதினொன்று. ஒரு பிரிவுக்கு மொசார்ட். ஒரு பிரிவுக்கு அந்தக் காலத்துத் துள்ளல் பாட்டு. ஒரு பிரிவுக்கு வெறும் பேச்சு. துள்ளல் பாட்டுக் கேட்ட பிள்ளைகள் ஒரு தேர்வில் மொசார்ட்டை முந்திவிட்டார்கள்! 2005-இல் இது அச்சில் வந்தது.

2007-இல் வந்த செய்தி இன்னும் நல்லது. ஜப்பானில் ஐந்து வயதுக் குழந்தைகளைப் படம் வரையச் சொன்னார்கள். சிலருக்கு முன்னதாக மேல்நாட்டுப் பெரிய இசையைப் போட்டார்கள். சிலருக்கு அவர்களுக்குத் தெரிந்த குழந்தைப் பாட்டைப் போட்டார்கள். சிலரைப் பாடவே சொன்னார்கள். தெரிந்த பாட்டைக் கேட்டவர்களும் பாடியவர்களும் நெடுநேரம் வரைந்தார்கள். அவர்கள் படத்தில் கற்பனையும் கூடுதலாக இருந்தது.

இதில் இருந்து என்ன தெரிகிறது? புதுமடத்துப் பிள்ளைக்கு மொசார்ட் கிடைக்கவில்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். கிடைத்தால் கேட்கட்டும், நல்ல இசைதான். ஆனால் அந்தப் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிற பாட்டுக்கும் பலம் உண்டு.

எப்போது போடுவது?

பாடம் படிக்கும்போது பாட்டு வேண்டாம். இதை நாம் அழுத்திச் சொல்கிறோம்.

சொல் உள்ள பாட்டு, படிக்கிற சொல்லோடு மல்லுக்கு நிற்கும். கண் ஒரு சொல்லைப் படிக்கும். காது வேறு ஒரு சொல்லைக் கேட்கும். மனம் எதைப் பிடிக்கும்? எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னப் பிள்ளைக்கு இது பெரிய தொல்லை. பெரியவர்களுக்கும் அப்படித்தான். முதல் முதலாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட எந்த அம்மாவையும் கேளுங்கள், சொல்வார்.

வகுப்பறையில் யாரும் பேசாதபோது உள்ள பின்னணிச் சத்தம் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் சொன்னது. அது கிசுகிசுப் பேச்சை விடச் சற்றே கூடுதல். நம் ஊர்ப் பள்ளிகளில் சன்னலுக்கு வெளியே பஸ் போகும்; பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கும். இதற்கு மேல் ஒரு பாட்டையும் ஓடவிட்டால், வாத்தியார் கத்த வேண்டும். வாத்தியார் கத்தினால் பிள்ளைகளும் கத்துவார்கள். கடைசி வரிசைப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

ஆகவே, காலையில் பிள்ளைகள் வந்து உட்காரும் ஐந்து நிமிடம் பாட்டு. மதியச் சோற்றுக்குப் பிறகு கண் சொருகும் நேரத்தில் பாட்டு. சாயங்காலம் வகுப்பைக் கூட்டிப் பெருக்கிப் பையைக் கட்டும்போது பாட்டு. படம் வரையும்போது சொல் இல்லாத இசை. இது போதும்.

சொல் இல்லாத இசைக்கு நம்மிடம் பஞ்சமா? மாலி என்று செல்லமாக அழைக்கப்பட்ட டி. ஆர். மகாலிங்கத்தின் புல்லாங்குழல் இருக்கிறது. இளையராஜா 1986-இல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இருக்கிறது. வயலினும் நம் ராகமும் மேல்நாட்டு முறையும் கைகோத்துப் போகும். ஷேக் சின்ன மௌலானாவின் நாதசுரம் இருக்கிறது. இவர் முஸ்லிம். ஆந்திராவில் பிறந்து, திருவரங்கத்துக்கு வந்து குடியேறியவர். கோயில் வாத்தியமாகிய நாதசுரத்தில் மேதை என்று பெயர் எடுத்து, 1999-இல் மறைந்தார். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு இசையைப் போடுங்கள். தனியாக ஒற்றுமைப் பாடம் எடுக்கத் தேவை இராது.

யாருடைய பாட்டு?

இனிமேல்தான் முக்கியமான விஷயம்.

ராமேசுவரம் தீவில் ஒரு வகுப்பறை. ஐந்தாம் வகுப்பு. முன் வரிசையில் இரண்டு சிறுவர்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் தலையில் தொப்பி. ஒருவன் மார்பில் பூணூல். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு அது பொறுக்கவில்லை. தொப்பி போட்ட பையனை எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். பூணூல் போட்ட பையன் அழுதுவிட்டான்.

தொப்பி போட்ட பையன் அப்துல் கலாம். பிறகு ஜனாதிபதி ஆனவர். அழுத பையன் ராமநாத சாஸ்திரி. அவன் தந்தை லட்சுமண சாஸ்திரி, ராமேசுவரம் கோயிலின் தலைமை அர்ச்சகர். அவர் என்ன செய்தார்? அந்த ஆசிரியரைக் கூப்பிட்டு அனுப்பினார். பிஞ்சு மனத்தில் நஞ்சைக் கலக்காதே என்று கண்டித்தார். ஆசிரியர் வருந்தினார். கலாம் தம் வரலாற்றை எழுதியபோது இதை மறக்காமல் எழுதினார்.

ஒரு பிள்ளையைக் கடைசி வரிசைக்கு அனுப்ப, கையைப் பிடித்து எழுப்ப வேண்டும் என்பது இல்லை. பாட்டாலும் அனுப்பலாம்!

வகுப்பில் நாற்பது பிள்ளைகள். முப்பத்தைந்து பேர் வாய் நிறையப் பாடுகிறார்கள். ஐந்து பேர் உதட்டை அசைக்கிறார்கள். ஏன்? அந்தப் பாட்டு அவர்கள் வீட்டு நம்பிக்கைக்கு ஒத்து வராதது. அந்த ஐந்து பேருக்கும் அந்த நேரம் கடைசி வரிசைதான். புதுமடத்தில் அந்த ஐந்து பேர் ஒரு மதமாக இருக்கலாம். ராமேசுவரத்தில் வேறாக இருக்கலாம். தங்கச்சிமடத்தில் இன்னொன்றாக இருக்கலாம். ஊர் மாறினால் ஐந்து பேரும் மாறுவார்கள். அவர்கள் வாட்டம் மாறாது.

நம் அரசியல் சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. முழுக்க அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாது என்று 28-ஆவது பிரிவு சொல்கிறது. அரசாங்கம் அங்கீகரித்த பள்ளியிலும், அரசாங்க உதவி பெறும் பள்ளியிலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மத வழிபாட்டில் சேர்க்கக் கூடாது என்றும் சொல்கிறது.

கேரளத்தில் 1985-இல் ஒரு வழக்கு வந்தது. மூன்று பிள்ளைகள். யெகோவா சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நின்றார்கள். ஆனால் பாடவில்லை. தங்கள் மதம் இடம் கொடுக்கவில்லை என்றார்கள். பள்ளியில் இருந்து விலக்கப்பட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1986-இல் தீர்ப்புச் சொன்னது: மரியாதையாக நின்றார்களே, அது போதும், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேசிய கீதத்துக்கே இப்படி என்றால், மதியம் இரண்டு மணிப் பாட்டுக்கு ஒரு பிள்ளையைக் கட்டாயப்படுத்தலாமா?

இசைக் கருவி வேண்டாம் என்று எண்ணும் குடும்பங்களும் உண்டு. அவர்களோடு வாதாட ஆசிரியருக்கு வேலை இல்லை. வாயால் பாடலாம். கை தட்டலாம். பெற்றோரைக் கூப்பிட்டு, "இன்ன பாட்டுப் பாடப் போகிறோம்" என்று முன்னதாகச் சொல்லலாம். சொல்லிவிட்டுச் செய்கிற காரியத்துக்கு ஊரில் சண்டை வருவது குறைவு.

அப்படியானால் பக்திப் பாட்டே கூடாதா? தமிழில் நல்ல பாட்டில் பாதி பக்திப் பாட்டு ஆயிற்றே! தமிழ்ப் பாட வேளையில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள். தேவாரமும் படிக்கட்டும், தொண்டிக்கு அருகே பிறந்த குணங்குடி மஸ்தான் சாகிபு பாட்டும் படிக்கட்டும், உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் 5,027 பாட்டுப் பாடியதும், கீழக்கரை வள்ளல் சீதக்காதி அவரை ஆதரித்ததும் தெரியட்டும். அது கல்வி. தினமும் எல்லோரும் சேர்ந்து பாடும் வகுப்புப் பாட்டு வேறு. அதற்கு நாம் ஓர் உரைகல் சொல்வோம். வகுப்பில் உள்ள ஒரு பிள்ளையாவது வாய் திறக்கக் கூசும் பாட்டு, அந்த வகுப்பின் பாட்டு ஆகாது.

இதை முன்பே உணர்ந்த ஒருவர் இருந்தார். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. தமிழில் முதல் நாவல் எழுதியவர். கிறிஸ்தவர். எல்லா மதத்தாரும் கூச்சம் இன்றிப் பாட வேண்டும் என்று, 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' இயற்றினார். அவர் 1889-இல் காலமானார். அந்தப் பாட்டுகளைத் தூசி தட்டி எடுக்க யாருக்காவது மனம் வர வேண்டும்.

நாகூர் அனிபாவையும் சொல்ல வேண்டும். நாகூர் என்று பெயர். பிறந்தது ராமநாதபுரத்தில்! 2015-இல் மறைந்தார். அந்தக் கணீர்க் குரலை எல்லா மதத்தாரும் டீக்கடை வாசலில் நின்று கேட்டார்கள். ஒலிபெருக்கி சரியாக இல்லாவிட்டால் மனிதக் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட, அவர் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டலாம்.

இந்தப் பாட்டு வேண்டாம்

ஒன்றில் மட்டும் விட்டுக் கொடுக்கக் கூடாது. சாதிப் பெருமை பேசும் பாட்டு பள்ளி வாசலுக்குள் வரக் கூடாது.

தென் மாவட்டங்களில் இது எவ்வளவு பெரிய நோய் என்று நாம் விளக்க வேண்டியது இல்லை. நாங்குநேரியில் 2023-இல் என்ன நடந்தது? பள்ளி மாணவன் ஒருவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன் பிறகு அரசாங்கம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை விசாரித்துச் சொல்லச் சொன்னது. கையில் வண்ணக் கயிறு கட்டி வரக் கூடாது என்று 2024-இல் அவர் அறிக்கை கொடுத்தார்.

கையில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடலாம். காதில் கட்டிய கயிறு?

கலியாண வீட்டிலும் வேனிலும் அந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டுத்தான் பையன் வருகிறான். ஆண்டு விழாவில் அதற்கு ஆட வேண்டும் என்று கேட்பான். "தாளம் நன்றாக இருக்கிறதே சார்!" என்பான். தாளம் நன்றாகத்தான் இருக்கும். அதே தாளத்தில் வேறு பாட்டு இருக்கிறது. ஆசிரியர் அதைத் தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். வெறுமனே "கூடாது" என்றால், பையன் வெளியே போய்க் கேட்பான்.

சினிமாப் பாட்டு கூடாதா?

பள்ளிக்கூடத்தில் சினிமாப் பாட்டா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நாம் அந்தக் கட்சி இல்லை.

பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில் மறைந்தார். 1959-இல். அதற்குள் எத்தனை பாட்டு! 1958-இல் வந்த 'நாடோடி மன்னன்' படத்தில், தூங்கும் தம்பியைத் தட்டி எழுப்பும் பாட்டு அவருடையது. 1961-இல் வந்த 'அரசிளங்குமரி'யில், சின்னப் பையனுக்குப் பெரியவர் ஒருவர் புத்தி சொல்லும் பாட்டும் அவருடையதுதான். புத்தி சொல்லும் பாட்டு என்றாலும் ஒருவரும் கொட்டாவி விடுவது இல்லை. ஏன்? அதட்டல் இல்லை. தோளில் கை போட்டுச் சொல்வது போல இருக்கிறது.

பாரதியார் பாட்டு எல்லோருக்கும் சொந்தம். 1949-இல் அரசாங்கம் அதன் உரிமையை வாங்கியது. குழந்தைகளுக்கு அழ. வள்ளியப்பாவும் கவிமணியும் எழுதிய பாட்டுகளில், நாக்குச் சுழலச் சுழலச் சொல்லி மகிழும் பாட்டு நிறைய உண்டு. பள்ளிக்குள்ளே, பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெற்றோரும் மட்டும் கேட்கப் பாட்டுப் போடுவதை 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் குற்றம் என்று சொல்லவில்லை. ஆகவே அந்தப் பயமும் வேண்டாம்.

ஆனால் எச்சரிக்கை வேண்டும். சினிமாப் பாட்டில் பல்லவி பளிச்சென்று இருக்கும். இரண்டாவது சரணத்தில் ஏதாவது வந்து தொலைக்கும்! பெண்ணைக் கேலி செய்வது, குடியைக் கொண்டாடுவது, கருப்பு நிறத்தை இகழ்வது. பல்லவியை மட்டும் கேட்டுவிட்டுப் போட்டால், நாற்பது பிள்ளைகள் முன்னால் நாம் விழிக்க வேண்டியதுதான்.

இன்னொன்று. இணையத்தில் இருந்து நேராகப் போட்டால் நடுவில் விளம்பரம் குதிக்கும். மனம் உருகும் புல்லாங்குழல் இசைக்கு நடுவே மூட்டுவலித் தைலம் வந்து நின்றால், அன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான். முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் இருக்கும் புதையல்

ஐரோப்பாவில் ஹங்கேரி என்று ஒரு சிறிய நாடு. அங்கே கோடாய் என்று ஓர் இசை அறிஞர் இருந்தார். ஊர் ஊராகப் போனார். உழவர்களிடமும் பாட்டிமார்களிடமும் உட்கார்ந்து நாட்டுப் பாட்டைக் கேட்டு எழுதினார். குழந்தைக்கு முதலில் தாய்மொழியைக் கற்பிப்பது போல, இசையிலும் தன் ஊர்ப் பாட்டைத்தான் முதலில் கற்பிக்க வேண்டும் என்றார். அதுவும் கருவியால் அல்ல, சொந்தக் குரலால். 1950-இல் கெச்கெமேத் என்ற ஊரில், தினமும் பாடும் தொடக்கப்பள்ளி ஒன்று அவர் வழியில் தொடங்கியது. பல நாட்டு ஆசிரியர்கள் இந்த முறையைக் கற்கப் போனார்கள்.

நம் கடற்கரையில் அந்தப் பாட்டு இல்லையா?

கரைவலை இழுப்பவர்கள் பாடும் பாட்டுக்கு அம்பா என்று பெயர். ஒருவர் முன்னே பாடுவார். மற்றவர்கள் பின்னே ஏலேலோ போடுவார்கள். அந்த ஓசைக்குத்தான் எல்லார் கையும் ஒன்றாக இழுக்கும். ஒரு கை முந்தி, ஒரு கை பிந்தினால் வலை வராது. வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு உண்டா? பாதி வகுப்பு முன்னே பாடட்டும். பாதி வகுப்பு பின்னே பாடட்டும். பிறகு மாற்றிக் கொள்ளட்டும்.

எந்திரப் படகு வந்த பிறகு அந்தப் பாட்டு குறைந்துவிட்டது. எந்திரத்தின் இரைச்சலில் யார் பாடுவது? பாடத் தெரிந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. அவர்கள் போவதற்குள் பிள்ளைகள் கேட்டு வைக்க வேண்டும். ஆசிரியர் ஒரு வேலை கொடுக்கலாம்: "உன் தாத்தாவிடம் ஒரு பாட்டு, உன் பாட்டியிடம் ஒரு தாலாட்டு, கேட்டுக்கொண்டு வா." கைபேசியில் பதிந்து வந்தாலும் சரி. பாம்பனில் 2016-இல் மீனவர்களுக்கு என்றே 'கடல் ஓசை' என்ற வானொலி தொடங்கினார்கள். அது போன்ற வானொலிக்காரர்களையும் ஆசிரியர் கேட்டுப் பார்க்கலாம்.

தாத்தாவையே வகுப்புக்குக் கூப்பிடலாம். பள்ளிக்கூடத்துப் படியையே மிதிக்காத மனிதராக இருப்பார். பேரன் படிக்கும் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, "பாடுங்கள் ஐயா" என்று ஆசிரியர் கேட்டால், பேரனுக்கு அன்று எப்படி இருக்கும்? தன் வீட்டுத் தொழில் கேவலம் இல்லை என்று ஆயிரம் முறை சொல்வதும் சரி, இதுவும் சரி.

போடுவதா, பாடுவதா?

தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறது. மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை 1891-இல் அச்சிட்ட நாடகத்தில் உள்ள பாட்டு. 1970-இல் அரசாங்க விழாக்களில் பாட வேண்டும் என்று முடிவானது. எம். எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில் மெட்டு அமைத்தார். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். 55 விநாடியில் பாட வேண்டும். தேசிய கீதத்துக்கு 52 விநாடி. இதற்கு மூன்றே விநாடிதான் கூடுதல்.

அந்த அரசாணையில் ஒரு நல்ல விஷயம் உண்டு. இசைத்தட்டுப் போடாமல், பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்தும். முதல் இரண்டு நாள் போட்டுக் காட்டலாம். மூன்றாம் நாள் பிள்ளைகள் கூடவே பாடட்டும். ஒரு வாரத்தில் பெட்டியை அணைத்துவிடலாம். "எனக்குக் குரல் இல்லையே" என்று ஆசிரியர் தயங்க வேண்டாம். பிள்ளைகள் சங்கீத விமரிசகர்கள் இல்லை. கரகரத்த குரலில் சார் பாடினால், அவர்களுக்குக் கொண்டாட்டம்!

வகுப்பில் காது கேளாத பிள்ளை இருந்தால், அதையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. மேளத்தின் மேல் கையை வைக்கச் சொல்லுங்கள். தாளம் உள்ளங்கையில் தெரியும். கை தட்டும் வேலையை அதனிடம் கொடுங்கள்.

வருடத்துக்கு ஐம்பது பாட்டு வேண்டாம். மாதம் ஒரு பாட்டு நன்றாகத் தெரிந்தால் போதும். மாதக் கடைசியில் பிள்ளைகளையே கை தூக்கச் சொல்லுங்கள். எந்தப் பாட்டு வேண்டும், எது போதும் போதும் என்றாகிவிட்டது என்று அவர்கள் சொல்லட்டும். ஆசிரியருக்குப் பிடித்த பாட்டு தோற்றாலும் வருத்தப்படக் கூடாது.

நாளைக்குப் போடப் போகும் பாட்டை ஆசிரியர்கள் இன்று மாலையே ஒரு முறை கேட்டு வைத்துவிடலாம். இரண்டாவது சரணம் வரை!